இடது கைச் சுண்டுவிரல்

போனைப் பறிக்க வந்தவன் போனைப் பறித்துக்கொண்டு போக வேண்டியதுதானே. விரலை எதற்கு வெட்டி எடுத்துக்கொண்டு போனான்?

சாதிக் பாட்சா இதைக் குறிப்பாக யாரிடமும் கேட்கவில்லை. குடலைப் பிரட்டும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் வாந்தி வராது என்பது அவனுடைய சொந்த வைத்தியம். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிலம்பரசன் நினைவில்லாமல் கிடந்தான். தாடை உடைந்து, முகம் வீங்கி, கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்தான் மிச்சம். இடது கையில் பெரிய கட்டு. நேற்று அரசலாற்றுக் கரையில், கருவேல மரங்களுக்கு நடுவே, பட்டப்பகலில் அவனை இழுத்துப்போட்டு லாரி ஜாக்கியின் இரும்பு லீவரால் அடித்திருக்கிறார்கள். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் என்று ஆடு மேய்த்த பொம்பளை சொன்னாள். அவன் துவண்டு விழுந்த பிறகு, கையைக் கல்லில் வைத்து, இடது சுண்டுவிரலை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்படிச் செய்கிறவன் மனிதனா என்று ஆஸ்பத்திரி வாசலில் ஆளாளுக்குக் கேட்டார்கள். மனிதன்தான் செய்வான். மாடு செய்யுமா?

வன்மத்தில் வெட்டினது என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது. உமாமகேஸ்வரி முடிவு கட்டவில்லை. அவரும் ஒரு காலத்தில் காக்கி போட்டவர்தான். மேலதிகாரி ஒருவனை ஸ்டேஷன் வாசலிலேயே அறைந்துவிட்டு வேலையை உதறியவர், இப்போது காரைக்காலில் துப்பறியும் தொழில் நடத்துகிறார். சாதிக் அவருக்கு டிரைவர், உதவியாள், அவ்வப்போது அவருக்குப் பதிலாக அடி வாங்கும் ஆள். அந்த மூன்றாவது வேலைக்குத் தனியாக எதுவும் தருவதில்லை என்பது அவனுடைய நிரந்தரப் புலம்பல்.

“வன்மத்துக்கு வெட்டுறவன் கைய வெட்டுவான், காத வெட்டுவான். சுண்டுவிரல எதுக்குடா பொறுக்கி எடுத்தான்?” என்றார் உமா.

“சிக்கனக்காரனா இருப்பான் மேடம்.”

உமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

அவர்களை இந்த வேலைக்கு அமர்த்திய ஜெயபிரகாஷ் பக்கத்தில்தான் நின்றான். அழுது அழுது முகம் வெந்துபோயிருந்தது. அவனுடைய அக்கா வெண்மதிதான் இத்தனைக்கும் நடுவில் இருப்பவள். நெடுங்காட்டுப் பக்கம் லாரி வைத்துப் பிழைக்கும் சிதம்பரநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்தப் புண்ணியவான் தன் டிரைவரை லாரிக் கொட்டகையில் வைத்து அடித்தே கொன்றான். அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்த வெண்மதி, புருஷன் என்றும் பார்க்காமல் போலீஸில் போய்ச் சொன்னாள். அவன் இப்போது உள்ளே இருக்கிறான், அவனுடைய ஆட்கள் வெளியே இருக்கிறார்கள். வரும் வாரம் அவள் கோர்ட்டில் கூண்டேறிச் சொல்லிவிட்டால் அவனுக்கு ஆயுள் முழுக்கக் கம்பிதான். சொல்ல விடாமல் செய்ய ஒரே வழி, அவள் இல்லாமல் போவது.

அவள் எங்கே போய் ஒளிந்தாலும் அவளுடைய போன் காட்டிக்கொடுத்தது. அத்தை வீட்டுக்குப் போனாள், வந்துவிட்டார்கள். சிநேகிதி வீட்டுக்குப் போனாள், கதவை உடைத்தார்கள். கடைசியில் ‘திரை’யிடம் போனாள். திரை என்பது காரைக்காலில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை. போனை எப்படிப் பூட்டுவது, யாரிடம் எதைச் சொல்லக்கூடாது, படத்தைக் காட்டி மிரட்டுகிறவனிடமிருந்து பெண்பிள்ளைகளை எப்படி மீட்பது என்று ஊர் ஊராகப் போய்க் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறவர்கள். அவர்கள் வெண்மதியின் போனில் புருஷன் ஒளித்து வைத்திருந்த வேவு பார்க்கும் ஆப்பைப் பிடுங்கி எறிந்து, அவளைத் தடம் தெரியாமல் ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த இடம் திரையிலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள்தான் கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறான். அவளுக்குத் தங்க இடம் கொடுத்தவர்களோடு அவன் பேசிக்கொண்ட போன், அடித்தவன் கையில் இருக்கிறது.

ஜெயபிரகாஷும் அக்காவோடு ஒரு வார்த்தை பேச வையுங்கள் என்று சிலம்பரசனிடம் நடையாய் நடந்தவன். சிலம்பரசன் அவனுடைய போனைப் பூட்டச் சொல்லிக்கொடுத்து அனுப்பினானே தவிர, இடத்தைச் சொல்லவில்லை. அதனால்தான் இன்று காலை உமாவிடம் ஓடிவந்தான். அவர்களுக்கு முன்னால் நீங்கள் அக்காவைக் கண்டுபிடித்துவிடுங்கள் மேடம் என்று காலைப் பிடிக்காத குறை.

இப்போதும் வலது கையில் டீ கிளாஸ், கிளாஸைக் கீழே வைக்காமல், மறு கையில் போனைப் பிடித்த பிடியிலேயே கடைசி விரலை நெருடித் திறந்து அக்காவின் படத்தைக் காட்டினான். கோயில் வாசலில் தம்பிக்கு விபூதி பூசிவிடும் படம். அம்மா செத்த பிறகு அக்காதான் என்னை வளர்த்தது என்று சொல்லும்போது டீ தளும்பிற்று.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டிருந்தால் மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் பாய், அந்த லைவ் லொகேஷனை மட்டும் போட்டுவிடுங்கள் என்று அவன் கேட்டான். இது கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று சாதிக் போனை எடுத்து வலது நடுவிரலை நீட்டித் திறந்தான். எதிரே வந்த நர்ஸ் அந்த விரலைப் பார்த்துவிட்டு முறைத்தாள்.

“உங்களுக்கு இல்ல சிஸ்டர், போனுக்கு” என்றான் சாதிக்.

காரில் ஏறியதும் உமா, உனக்கு வேறு விரலே கிடைக்கவில்லையா என்று கேட்டார். சாதிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். பள்ளிவாசல் தெரு மண்டபத்தில் திரை நடத்திய வகுப்பில் உட்கார்ந்தவன் அவன். சிலம்பரசனே சொல்லிக்கொடுத்தது. ஊரே பெருவிரலை வைக்கிறது, நான் வலது நடுவிரல் வைத்திருக்கிறேன், எவனுக்கும் தோன்றாது என்று சிலம்பரசன் வகுப்பில் தன் போனைத் திறந்தே காட்டினானாம். அன்றிலிருந்து அந்தத் தெருவில் பாதிப் பேர் நடுவிரலைத்தான் நீட்டிக்கொண்டு அலைகிறார்கள். வீட்டில் பெண்டாட்டி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

உமா ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் லெமேர் வீதி வந்துவிட்டது.

திரையின் அலுவலகம் மாடியில். படிக்கட்டில் கால் வைக்கும்போதே மேலே எதுவோ உடைந்து நொறுங்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் குரல். சாதிக் இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

ஹெல்மெட் போட்ட ஒருவன் திரையை நடத்தும் சிவப்ரியாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேஜை விளிம்பில் மோதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மோதலுக்கும் பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு என்று கத்தினான். மேஜையெல்லாம் ரத்தம். சாதிக் கைக்குக் கிடைத்த தண்ணீர்க் கேனைத் தூக்கி அவன் முதுகில் அடித்தான். அவன் திரும்பினான். இரும்பு லீவர் சாதிக்கின் இடது தோளில் இறங்கிற்று. எலும்பு உடைந்த சத்தமா சுவரில் லீவர் பட்ட சத்தமா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டாவது அடி மண்டைக்கு வந்தது. குனிந்தான். பின்னாலிருந்த கம்ப்யூட்டர் சிதறிற்று. உமா ஒரு நாற்காலியை ஓங்கி அவன் முழங்காலில் வீச, அவன் நொண்டிக்கொண்டே பால்கனிக்கு ஓடி, கீழே கடையின் தகரக் கூரையில் குதித்து, பைக்கில் ஏறிப் பறந்துவிட்டான். பத்து நிமிஷம் முறுக்கினால் புதுச்சேரி எல்லை தாண்டித் தமிழ்நாடு. அப்புறம் இந்த ஊர்ப் போலீஸ் அந்த ஊர்ப் போலீஸுக்குச் சொல்லி அனுப்பி, அவர்கள் வந்து பிடிப்பதற்குள் அவன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துவிடுவான்.

“நேத்து ரெண்டு பேரு. இன்னைக்கு ஒருத்தன்தான்” என்றார் உமா, மூச்சு வாங்க.

“இன்னொருத்தன் லீவுல இருப்பான்” என்றான் சாதிக், தோளைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து. “எனக்கு ஒருத்தனே போதும் மேடம். ரெண்டாவது ஆள் எங்கேன்னு ஏக்கப்படாதீங்க.”

சிவப்ரியாவுக்கு உதடு கிழிந்து, ஒரு பல் விழுந்திருந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவள் சிரித்தாள். அடிபட்டவள் சிரித்தால் பார்க்கச் சகிக்காது. அவர்கள் பாஸ்வேர்டு கேட்கிறார்கள் என்றால் நம் சிலம்பு ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம் என்றாள். விழுவதற்கு முன்னால் போனை அணைத்திருக்கிறான். அணைந்த போனை மறுபடி போட்டால் விரலெல்லாம் செல்லாது, பாஸ்வேர்டுதான் கேட்கும். அது அவன் மண்டைக்குள் இருக்கிறது. சிவப்ரியாவுக்குத் தெரியாது. தெரியாததை யாரும் அடித்து வாங்க முடியாது என்பதுதான் திரையின் முதல் பாடம்.

“அப்ப வெட்டின விரல் வீண்” என்றான் சாதிக்.

“போன் அணையாம இருந்தாலும் வீண்தாங்க. சிலம்பு எந்த விரலையும் வச்சதில்ல. பாஸ்வேர்டு மட்டுந்தான்.”

சாதிக்குக் கோபம் வந்துவிட்டது. தன் கண்ணால் பார்த்தேன், வலது நடுவிரலை வைத்துத் திறந்தான் என்று சாதித்தான். சிவப்ரியா தலையை ஆட்டினாள். வகுப்புக்கு அவன் கொண்டுபோவது வேறு போன், பழைய போன், உள்ளே ஒன்றும் இருக்காது என்றாள்.

“ஒவ்வொரு வகுப்புலயும் ஒவ்வொரு விரல வச்சுத் தொறந்து காட்டுவான். ஏன்டா இப்படிப் பொய் சொல்றேன்னா, எவனாவது ஒருநாள் என் விரலத் தேடிக்கிட்டு வந்தான்னா, எந்த விரல்னு பார்த்தா எங்கேர்ந்து வந்தான்னு தெரிஞ்சுடும்பான். நாங்க கேலி பண்ணுவோம்.” அவள் அழ ஆரம்பித்தாள். “நெஜமாவே வருவாங்கன்னு நெனைக்கலைங்க.”

உமா அவளைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. கத்தி எடுத்தவன் தெருவில் போகிற அடியாள் இல்லை. அவனோ, அவனோடு வந்தவனோ சிலம்பரசனிடம் மாணவனாக உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்தவனுக்குச் சொல்லப்பட்டது இடது சுண்டுவிரல். யாருக்கு அந்த விரலைச் சொன்னான் என்று தெரிந்தால் போதும். சிவப்ரியாவுக்கு அது தெரியவில்லை. கடைசியாக அவன் வகுப்பெடுத்தது மண்டபத்தூர் மீனவப் பெண்களுக்கு என்பது மட்டும் தெரியும். அங்கே அவன் அடிக்கடி போய்வந்தான் என்றும் சொன்னாள்.

பக்கத்துக் கடைக்காரர் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சாதிக் ஒற்றைக் கையால் வண்டி ஓட்டினான். கோட்டுச்சேரி தாண்டும்வரை தோள் வலிக்கு ஒரு பாட்டமும், சிலம்பரசனின் நடுவிரல் துரோகத்துக்கு ஒரு பாட்டமும் புலம்பித் தீர்த்தான்.

மண்டபத்தூர்க் கரையில் மதிய ஏலம் முடிந்து பெண்கள் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சங்கத்துக்குத் தலைவி லோகாம்பாள். அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். சிலம்பரசன் பேரைச் சொன்னதும் அந்தக் குரல் இறங்கிவிட்டது. அந்தத் தம்பி பிழைத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டாள். மற்றக் கேள்வி எதற்கும் முகம் கொடுக்கவில்லை. வெண்மதி என்று ஒருத்தியைத் தெரியுமா என்று உமா கேட்டபோது, அந்தப் பேரில் இந்த ஊரில் யாருமில்லை என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்.

சரி, உங்கள் போனையெல்லாம் எப்படித் திறப்பீர்கள், காட்டுங்கள் என்றார் உமா.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்புச் சுருக்கிலிருந்தும் ரவிக்கைக்குள்ளிருந்தும் போன்களை எடுத்தார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரி வலது மோதிர விரலை நீட்டி வைத்தார்கள்.

“சாரு இந்த வெரலத்தான் வச்சுத் தொறப்பாரு. அதான் நாங்களும்” என்றாள் லோகாம்பாள்.

சாதிக் அந்த விரல்களைப் பார்த்தான். தன் நடுவிரலைப் பார்த்தான். வாத்தியார் பொய் சொன்னாலும் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டார்கள். பள்ளிவாசல் தெருவுக்கு நடுவிரல், மண்டபத்தூருக்கு மோதிர விரல். வெட்டினவனும் ஒரு மாணவன்தானே. அவன் மட்டும் வேறு விரலையா வைத்திருப்பான்? அவனும் தன் போனை அதே இடது சுண்டுவிரலால்தான் திறந்துகொண்டிருப்பான்.

அந்தக் கணத்தில் அவனுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. ஒரு கையில் டீ கிளாஸ். மறு கையில் போன். பிடித்த பிடியிலேயே நெருடின கடைசி விரல்.

“மேடம்.” குரல் அவனுடையது மாதிரியே இல்லை. போனை இடது கையில் பிடித்து, சுண்டுவிரலை ஓரத்தில் நெருடிக் காட்டினான். “காலையில ஆஸ்பத்திரியில. அக்கா படத்தக் காட்டுனானே.”

உமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். “ரெண்டாவது ஆள் எங்கேன்னு கேட்டேனே. நம்ம பக்கத்துல நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தான்டா.”

பாஸ்வேர்டு இல்லாமல் போன் திறக்காது. போன் திறக்காவிட்டால் அக்கா இருக்கும் இடம் தெரியாது. அதனால்தான் காலையில் காலைப் பிடிக்காத குறையாக ஓடிவந்திருக்கிறான். மோப்பம் பிடிக்க இரண்டு நாயை அவிழ்த்துவிட்டுச் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறான். உமா இதைச் சாதிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜெயபிரகாஷ் என்ற பேர் காதில் விழுந்ததும் லோகாம்பாளின் கையிலிருந்த மீன் நழுவிற்று. வெண்மதியின் தம்பியா என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் வாயாலேயே சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

வெண்மதி அங்கேதான் இருந்தாள். லோகாம்பாள் வீட்டு அடுப்படியில், மீன்காரி மாதிரி கொண்டை போட்டுக்கொண்டு.

சாதிக் தன் சட்டைப் பையைத் தொட்டான். சங்கிலி அங்கே இருந்தது. காலையிலிருந்து லைவ் லொகேஷன் ஓடிக்கொண்டேயிருக்கிறது. லெமேர் வீதி, கோட்டுச்சேரி, மண்டபத்தூர் எல்லாவற்றையும் அவனே விரல் நீட்டிக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறான். யாரிடமும் எதையும் சொல்லாதே என்று வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அழுகிறானே என்று ஒரு கொலைகாரனுக்கு வழி சொல்லியிருக்கிறான். போனைக் கடலில் வீசிவிடலாமா என்று ஓங்கினான். உமா கையைப் பிடித்துக்கொண்டார்.

“அணைச்சா உஷாராயிடுவான். வரட்டும். எங்க வரணுங்கறத நாம சொல்லுவோம்.”

ஊருக்கு நடுவில் வலை பின்னும் கூடம் இருந்தது. அங்கே குவித்திருந்த பழைய நைலான் வலைகளுக்குள் உமா அந்தப் போனைத் திணித்தார். லோகாம்பாள் தன் மகளின் சேலை ஒன்றைச் சுருட்டி வலைக்குவியலுக்குள் ஒருத்தி ஒடுங்கிப் படுத்திருக்கிற மாதிரி செருகி, முந்தானை நுனியை மட்டும் வெளியே தெரியவிட்டாள். அவளுடைய போனிலிருந்தே போலீஸுக்குச் சொல்லியாயிற்று. பெண்கள் தூண்களுக்குப் பின்னால் போனார்கள். பேச்சு அடங்கிவிட்டது.

கார் சத்தம் கேட்டது. ஜெயபிரகாஷ் முன்னால் வந்தான். பின்னால் ஹெல்மெட்காரன் நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். ஜெயபிரகாஷ் கையில் போன். அதிலிருந்த புள்ளியைப் பார்த்தான், வலைக் குவியலைப் பார்த்தான், முந்தானையைப் பார்த்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு, சட்டைக்குள்ளிருந்து அரிவாளை உருவினான்.

“அக்கா” என்று கூப்பிட்டான். குழைவான குரல். “அக்கா, நான்தான் வந்துருக்கேன். பயப்படாத.”

சொல்லிக்கொண்டே ஓங்கி வெட்டினான். முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, மறுபடி ஒரு வெட்டு. தூணுக்குப் பின்னால் நின்ற சாதிக், பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான். அங்கே யாருமில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு வெட்டும் ஒரு உடம்பில் இறங்குகிற மாதிரியே இருந்தது.

அடுத்த வெட்டில் அரிவாள் நைலானில் சிக்கிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. அதற்குள் லோகாம்பாளின் ஆட்கள் ஒரு பெரிய வலையை நாலு பக்கமும் பிடித்து அவன் தலைமேல் வீசிவிட்டார்கள். துள்ளினான். துள்ளத் துள்ள வலை இறுகிற்று. வாசலில் நின்றவன் லீவரை ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். சாதிக் குறுக்கே விழுந்தான். விலாவில் ஒரு அடி. மூச்சு நின்றது. இரண்டாவது அடி முதுகில். சாதிக் அவன் காலைக் கட்டிக்கொண்டு, வேறு எதுவும் தோன்றாமல் தொடையில் கடித்தான். உமா துடுப்பை எடுத்து அவன் ஹெல்மெட் மேலேயே ஓங்கிப் போட்டார். அவன் தடுமாறினான். காலையில் அடிபட்ட அதே முழங்காலில் இன்னொன்று போட்டார். இந்தத் தடவை எலும்பு உடைந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. லோகாம்பாள் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவன் எழுந்திருப்பதற்கு வழியே இல்லை.

போலீஸின் சிவப்புத் தொப்பிகள் வந்து சேர்ந்தன. ஜெயபிரகாஷ் வந்த காரைத் திறந்து பார்த்த போலீஸ்காரர் ஒருவர் வாந்தி எடுத்தார். முன் சீட்டில் ஒரு பிளாஸ்க் இருந்தது. உள்ளே உருகிய ஐஸ் தண்ணீரில் சிலம்பரசனின் விரல். பக்கத்தில் அணைந்த போன். பொய்யான ஒரு விரலைப் பத்திரமாக ஐஸ் மாற்றி மாற்றி வைத்திருந்திருக்கிறான். சாதிக் எட்டிப் பார்த்தான். தன் நடுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

யாரும் கூப்பிடாமலே வெண்மதி வந்துவிட்டாள். உமா தடுக்கப் பார்த்தார், அவள் நிற்கவில்லை. துண்டு துண்டாகக் கிடந்த சேலையைப் பார்த்தாள். வலைக்குள் கிடந்த தம்பியைப் பார்த்தாள். அவன் வாயில் நுரை தள்ளிற்று.

“நீ என் பேரச் சொல்லுவே” என்று கத்தினான். “கோர்ட்டுல ஏறி நின்னு, மாமா அடிக்கறப்ப டிரைவரோட கால நான் புடிச்சிருந்தேன்னு சொல்லுவே. எனக்குத் தெரியாதா. நீ ஜன்னல்லேர்ந்து பாத்தேதானே.”

வெண்மதி அவனுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள்.

“பாத்தேன்” என்றாள். “போலீஸ்ல திருப்பித் திருப்பிக் கேட்டாங்க, கால யாரு புடிச்சிருந்ததுன்னு. இருட்டுல தெரியலன்னுதான்டா சொன்னேன். சிலம்பு சாரு மொத நாள் கேட்டாரு, உங்களப் பத்தி எதையெல்லாம் மறைக்கணும், சொல்லுங்க, மறைச்சுத் தர்றேன்னு. ஊர மறைச்சாரு, நம்பர மறைச்சாரு, போட்டோவ மறைச்சாரு. உன் பேர மட்டும் அவருகிட்டயும் நான் சொல்லல. அத நானே மறைச்சுக்கிட்டேன்.”

வலைக்குள் துள்ளல் நின்றுவிட்டது. சாதிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடிபட்ட தோளைவிட அது அதிகம் வலித்தது.

வெண்மதி எழுந்து, சேலையில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு, சிவப்புத் தொப்பிக்காரர்களில் பெரியவராகத் தெரிந்தவரிடம் போனாள். முன்னே சொன்னதில் ஒன்று விட்டுப்போய்விட்டது, இப்போது எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். அவர் பேனாவை எடுத்தார்.

“கால புடிச்சிருந்தது ஜெயபிரகாஷ்” என்றாள். “என் கூடப் பொறந்தவன்.”

பின்னால் வலைக்குள்ளிருந்து “அக்கா” என்று கேட்டது. இந்தத் தடவை நடிப்பில்லாத குரல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.